கறுப்புக் கையுறை: ஆல்பர்ட் ஸ்பால்டிங்கின் இரண்டு வாழ்க்கைகள்

பள்ளியில் கூடைப்பந்து ஆடிய நாட்களில் எங்களிடம் இருந்த ஒரே நல்ல பந்தின் மேல் ஸ்பால்டிங் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். தரையில் மோதி மோதி முதல் இரண்டு எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன. அது ஒரு மனிதரின் பெயராக இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை. பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் தொடக்க காலத்தைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தபோது, அந்தப் பெயர் 1870களின் தலைசிறந்த பந்தெறியாளராக என் முன் வந்து நின்றது. அதே பெயர் சில பக்கங்கள் தள்ளி ஓர் அணியின் முதலாளியாக, ஆட்டக்காரர்களின் எதிர்த்தரப்பில் வந்து நின்றது. அன்றிலிருந்து இந்த மனிதரை என்னால் மனத்திலிருந்து இறக்கி வைக்க முடியவில்லை. அவருடைய திறமையை மதிக்கிறேன். அவர் செய்த ஒரு காரியத்தை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுத விரும்புகிறேன்.

ஆல்பர்ட் குட்வில் ஸ்பால்டிங் 1849 செப்டம்பர் 2 அன்று இல்லினாய் மாநிலத்தின் பைரன் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். தாய் ஹேரியட், மகனைப் படிப்பதற்காகப் பக்கத்து ஊரான ராக்ஃபோர்டுக்கு அனுப்பி, அங்கே ஒரு வீட்டில் தங்க வைத்தார். பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு அந்த ஊர் பிடிபடவில்லை. வீட்டு நினைவு வாட்டியது. புதியவர்களிடம் பேசக் கூச்சம். மாலையில் பொது வெளியில் மற்றப் பையன்கள் பேஸ்பால் ஆடுவதை எல்லைக்கு வெகு தொலைவில் உட்கார்ந்து பார்ப்பதே அவனுடைய ஒரே ஆறுதல். ஒருநாள் யாரோ ஓங்கி அடித்த பந்து எல்லாருடைய தலைக்கு மேலும் பறந்து நேராக அவனை நோக்கி வந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன் கை தானாக உயர்ந்து பந்தைப் பிடித்துவிட்டது. பிடித்த கையோடு எழுந்து, பந்தைப் பிடிப்பவரின் கைக்கே போய்ச் சேரும்படி வீசினான். ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில் ஒரு பையன் வந்து, நாளைக்கு நீயும் ஆட வருகிறாயா என்று கேட்டான். ஸ்பால்டிங் முதுமையில் தாமே எழுதிய நினைவு இது. தம்மைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு என்பது தெரிந்தும், இந்த ஒரு காட்சியை நான் முழுமையாக நம்புகிறேன். தனிமையில் இருந்த பிள்ளையை ஆட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளும் அந்த ஒரு கேள்வியை யாரும் கற்பனையில் செய்ய வேண்டியதில்லை.

அன்றைய பேஸ்பால் இன்று நாம் தொலைக்காட்சியில் காண்பது போன்றதன்று. பந்தெறியாளர் 45 அடி தொலைவில் நின்று, கையை இடுப்புக்குக் கீழே வைத்தே பந்தை எறிய வேண்டும். பிடிப்பவர், தடுப்பவர் எல்லாரும் வெறுங்கையோடு ஆடினார்கள். விரல் எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்திருப்பது அந்தத் தொழிலின் அடையாளமாகவே இருந்தது. அந்த ஆட்டத்தில்தான் ராக்ஃபோர்டின் ஃபாரஸ்ட் சிட்டி அணிக்காக ஸ்பால்டிங் பந்தெறியத் தொடங்கினார். 1867 ஜூலையில், கிழக்கிலிருந்து சுற்றுப்பயணமாக வந்து எதிர்ப்பட்ட அணிகளையெல்லாம் நொறுக்கிக்கொண்டிருந்த வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியைச் சிகாகோவில் வைத்து ராக்ஃபோர்டு 29-23 என்ற கணக்கில் தோற்கடித்தது. அந்தப் பயணத்தில் நேஷனல்ஸ் கண்ட ஒரே தோல்வி அது. பந்தெறிந்தவருக்கு வயது 17.

வெற்றி பெற்ற சில வாரங்களில் சிகாகோவிலிருந்து அவருக்கு ஒரு வேலை அழைப்பு வந்தது. மளிகை மொத்த வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தர் பணி. வாரம் 40 டாலர் சம்பளம். ஒரு சாதாரண எழுத்தர் கனவிலும் காண முடியாத தொகை. உண்மையில் அது சிகாகோவின் எக்செல்சியர்ஸ் அணிக்குப் பந்தெறிவதற்கான கூலி. அன்றைய விதிகளின்படி ஆட்டக்காரருக்குப் பணம் கொடுப்பது குற்றம். ஆகவே எல்லா ஊர்களிலும் ஆட்டக்காரர்கள் எழுத்தர்களாகவும் கடைச் சிப்பந்திகளாகவும் பதிவேட்டில் மட்டும் வேலை பார்த்தார்கள். அந்த நிறுவனம் விரைவிலேயே நொடித்துப் போக, ஸ்பால்டிங் ராக்ஃபோர்டுக்கே திரும்பினார். ஆனால் அந்த அனுபவத்தில் அவர் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டார். நாடகம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் பணம் கொடுக்கும் மக்கள், நல்ல ஆட்டம் பார்க்கவும் பணம் கொடுக்கிறார்கள். அப்படியிருக்க, அந்தப் பணத்தை ஈட்டித் தருபவன் மட்டும் ஏன் பொய் சொல்லிச் சம்பளம் வாங்க வேண்டும் என்று அவர் கேட்டார். இந்தக் கேள்வியை ஒரு தொழிலாளியின் நியாயமான கேள்வியாகவே பார்க்கிறேன். பின்னால் நடந்ததை அளப்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

1869இல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணி எல்லா ஆட்டக்காரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து அந்தப் பொய்யை உடைத்தது. அதன் தலைவர் ஹாரி ரைட், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். நியூயார்க்கில் கிரிக்கெட் சங்கம் ஒன்றில் பணியாற்றிய தொழில்முறை வீரரின் மகன். 1871இல் முதல் தொழில்முறைச் சங்கம் உருவானபோது ரைட் பாஸ்டனில் புதிய அணி அமைத்து, ஸ்பால்டிங்கை ஆண்டுக்கு 1,500 டாலருக்கு அழைத்துக்கொண்டார். 1872 முதல் 1875 வரை நான்கு ஆண்டுகளும் பாஸ்டனே சாம்பியன். 1875இல் அந்த அணி 71 ஆட்டங்களில் வென்று எட்டில் மட்டுமே தோற்றது. அவற்றுள் 54 வெற்றிகள் ஸ்பால்டிங்கின் கணக்கில் சேர்ந்தவை. இன்றைய பந்தெறியாளர் ஒருவர் ஒரு பருவத்தில் 20 வெற்றி பெற்றாலே அதிசயம்.

இடையில் 1874இல் ரைட் தம் அணியை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்ல நினைத்தபோது, முன்னேற்பாடு செய்ய 24 வயது ஸ்பால்டிங்கைத்தான் தனியே கப்பலேற்றி அனுப்பினார். ஆங்கிலேயர்களை மைதானத்துக்கு வரவழைக்க, பேஸ்பாலோடு கிரிக்கெட்டும் ஆடுவோம் என்று ஒப்புக்கொண்டார் ஸ்பால்டிங். அமெரிக்கர்களில் பெரும்பாலானோர் கிரிக்கெட் மட்டையையே அதிகம் தொட்டறியாதவர்கள். லார்ட்ஸ் மைதானம் உட்படப் பல இடங்களில், ஆங்கிலேயர் 11 பேருக்கு எதிராக அமெரிக்கர் 18 பேர் இறங்கி, ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் திரும்பினார்கள். 18 பேர் களத்தில் நின்றால் பந்து போக இடமேது என்று கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்குத் தோன்றும். ஆனால் வலுவில்லாத அணி எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வது அன்று வழக்கத்தில் இருந்த ஏற்பாடுதான். கூட்டம் எதிர்பார்த்த அளவு வரவில்லை, பணமும் சேரவில்லை. ஸ்பால்டிங்குக்கு அந்தப் பயணம் தந்தது வேறொன்று: ஆட்டத்தை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஏற்றுமதி செய்யலாம் என்ற எண்ணம்.

1875 கோடையில் சிகாகோ அணியின் வில்லியம் ஹல்பர்ட் ஸ்பால்டிங்கை இரகசியமாக அணுகினார். பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த ஆண்டுக்கு வேறு அணியுடன் ஒப்பந்தம் செய்வது விதிக்குப் புறம்பானது. அது தெரிந்தும், கூடுதல் சம்பளமும் நிர்வாகப் பொறுப்பும் கிடைக்கும் என்பதால் ஸ்பால்டிங் இசைந்தார். தம்முடன் ராஸ் பார்ன்ஸ், கால் மெக்வே, டீக்கன் ஒயிட் ஆகிய மூவரையும் அழைத்துக்கொண்டார். செய்தி கசிந்தபோது பாஸ்டன் தெருக்களில் சிறுவர்கள் அவர்களைப் பிரிவினைக்காரர்கள் என்று கத்தி விரட்டினார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து பத்தே ஆண்டுகள் ஆகியிருந்த வடபுலத்து ஊரில் அது எத்தனை கடுமையான வசை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சங்கம் தங்களை வெளியேற்றிவிடும் என்று வீரர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கு ஹல்பர்ட் கண்ட தீர்வு, சங்கத்தையே விட்டுவிட்டுப் புதிய அமைப்பை உருவாக்குவது. 1876 பிப்ரவரி 2 அன்று நியூயார்க்கில் ஒரு விடுதியில் நேஷனல் லீக் பிறந்தது. அதன் சட்டவிதிகளை எழுதுவதில் ஸ்பால்டிங்குக்கும் பங்கு உண்டு. ஓர் ஆட்டக்காரர் நல்ல கூலி தேடி அணி மாறியதிலிருந்து பிறந்ததுதான் இன்றுவரை நிலைத்து நிற்கும் அந்த லீக்.

அதே 1876இல், அவரும் தம்பி வால்டரும் தாயிடம் 800 டாலர் வாங்கிச் சிகாகோவின் ராண்டால்ஃப் தெருவில் விளையாட்டுப் பொருட்கள் கடை ஒன்றைத் திறந்தார்கள். பகலில் களத்தில் பந்தெறிந்து 47 ஆட்டங்களை வென்று, லீக்கின் முதல் பட்டத்தைச் சிகாகோவுக்குப் பெற்றுத் தந்தவரின் பெயர்ப்பலகையே கடைக்குப் பெரிய விளம்பரம். லீக் ஆட்டங்களுக்குத் தம் பந்துகளை இலவசமாகவே கொடுத்தார். பதிலுக்கு அதிகாரபூர்வப் பந்து என்று அதன் மேல் அச்சிட்டுக்கொள்ளும் உரிமையைப் பெற்றார். பெரிய அணிகள் ஆண்டுக்குச் சில நூறு பந்துகளைத்தான் தேய்க்கும்; நாடெங்கும் காலி மனைகளில் ஆடும் இலட்சக்கணக்கான பையன்கள், பெரியவர்கள் ஆடும் அதே பந்துதான் வேண்டும் என்று அப்பாவிடம் அடம்பிடிப்பார்கள் என்பதை அவர் சரியாகக் கணித்தார். விதிகளும் புள்ளிவிவரங்களும் அடங்கிய ஆண்டு வழிகாட்டி நூல் ஒன்றையும் வெளியிடத் தொடங்கினார். ஆட்டத்தைக் கற்கும் ஒவ்வொருவரும் அவருடைய விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டே கற்றார்கள்.

ஆனால் அவருடைய வணிக மூளையை எனக்கு மிக அருகில் காட்டியது கையுறைதான். 1875இல் எதிரணியின் முதல் தளக் காவலர் (முதல் தளத்தில் நின்று, மற்றவர்கள் வேகமாக வீசும் பந்துகளைப் பிடிப்பவர்) ஒருவர் கையில் தோல் நிறத்தில் மெல்லிய கையுறை அணிந்திருப்பதைப் பாஸ்டனில் ஸ்பால்டிங் கவனித்தார். கேட்டபோது, கை வலிக்கிறது, ஆனால் அணிவதற்கு வெட்கமாக இருக்கிறது, யாரும் பார்க்கக் கூடாதென்றுதான் இந்த நிறம் என்று அவர் தயக்கத்தோடு ஒப்புக்கொண்டாராம். வலியைத் தாங்குவதே ஆண்மை என்று கருதப்பட்ட காலம். இரண்டு ஆண்டுகள் கழித்து, பந்தெறிவதை விட்டு முதல் தளத்துக்கு மாறியபோது, ஸ்பால்டிங்கின் உள்ளங்கையும் நசுங்கத் தொடங்கியது. அவர் தேர்ந்தெடுத்தது கறுப்பு நிறக் கையுறை, மைதானத்தின் மறுகோடியில் இருப்பவருக்கும் தெரியும்படி. போதாதென்று உள்ளே பஞ்சுத் திண்டுகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். கூட்டம் கேலி செய்யவில்லை. சாம்பியன் பந்தெறியாளரே அணிகிறார் என்றால் அதில் என்ன வெட்கம் என்று மற்றவர்களும் மெல்ல மெல்ல அணியத் தொடங்கினார்கள். கடையில் கையுறை விற்பனைக்குத் தயாராக இருந்தது.

இதை வெறும் விளம்பரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. விரல் முறிந்த ஆயிரக்கணக்கான கைகளுக்கு அந்தக் கறுப்புத் தோல் நிம்மதி தந்தது. ஆட்டக்காரரின் கை படும் பாடு தெரிந்தவர் கடை வைத்ததால்தான் அது நடந்தது.

1878இல் ஒரே ஓர் ஆட்டத்துக்குப் பின் அவர் களத்தை விட்டே விலகினார். வயது 28. தொழில்முறையில் 250க்கு மேற்பட்ட வெற்றிகள், 70க்கும் குறைவான தோல்விகள். 1882இல் ஹல்பர்ட் இறந்ததும் சிகாகோ அணியின் தலைவரானார். இங்கிருந்துதான் என் மனம் கனக்கத் தொடங்குகிறது.

1879இல் லீக் முதலாளிகள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒவ்வொரு அணியும் ஐந்து ஆட்டக்காரர்களைத் தனக்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். அவர்களை வேறு எந்த அணியும் அழைக்கக் கூடாது. சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட அணி முழுவதையும் விழுங்கிவிட்டது. முதலாளி தரும் விலைக்கு ஆட்டக்காரர் ஆட வேண்டும், அல்லது ஆட்டத்தையே விட்டுப் போக வேண்டும். அவரை விற்கும் உரிமை மட்டும் முதலாளிக்கு உண்டு. 1887இல் நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரமான மைக் கெல்லியை ஸ்பால்டிங் பாஸ்டனுக்கு 10,000 டாலருக்கு விற்றார். அடுத்த ஆண்டு ஜான் கிளார்க்சனையும் அதே விலைக்கு விற்றார். பாஸ்டனிலிருந்து இரகசியமாகச் சிகாகோவுக்கு வந்தவர், சிகாகோவிலிருந்து ஆட்களைப் பாஸ்டனுக்கு விலை பேசினார். இந்த விதி 1875இல் இருந்திருந்தால் ஸ்பால்டிங் என்ற முதலாளியே உருவாகியிருக்க முடியாது.

1888 அக்டோபரில் அவர் தம் வாழ்க்கையின் மிகப் பெரிய காட்சியை அரங்கேற்றினார். சிகாகோ அணியையும், மற்ற அணிகளிலிருந்து திரட்டிய அனைத்து அமெரிக்க அணியையும் அழைத்துக்கொண்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டு உலகைச் சுற்றிவந்தார். ஹவாய், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா வழியாக வந்த கப்பல் 1889 ஜனவரியில் கொழும்பில் நின்றது, அங்கும் ஆடினார்கள். பிப்ரவரியில் எகிப்தியப் பிரமிடுகளின் நிழலில் ஆடி, ஸ்ஃபிங்ஸ் சிலையின் கண்ணைக் குறிவைத்துப் பந்தெறிந்தார்கள். பிறகு நேப்பிள்ஸ், ரோம், பாரிஸ், லண்டன். குழுவில் நல்வாய்ப்புச் சின்னம் என்ற பெயரில் கறுப்பின இளைஞர் ஒருவரைச் சேர்த்து, போகுமிடமெல்லாம் கூட்டத்துக்கு வேடிக்கை காட்டினார்கள். ஸ்பால்டிங் அதைத் தடுக்கவில்லை. கறுப்பினத்தவரோடு ஆட மறுத்து மற்றவர்களுக்கும் வழிகாட்டிய கேப் ஆன்சன்தான் அவருடைய அணித் தலைவர் என்பதையும் இங்கே குறித்தாக வேண்டும்.

அனைத்து அமெரிக்க அணியின் தலைவர் ஜான் மாண்ட்கமரி வார்டு. நியூயார்க்கின் கொலம்பியா சட்டக் கல்லூரியில் படித்தவர். 1885இல் ஆட்டக்காரர்களின் சகோதரத்துவச் சங்கத்தைத் தொடங்கியவர். ஆட்டக்காரர் என்ன அடிமைப் பொருளா என்று பத்திரிகையில் கட்டுரை எழுதியவர். அவர் கடல் கடந்து சென்றிருந்த அந்தக் குளிர்காலத்தில், லீக் முதலாளிகள் ஆட்டக்காரர்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்துச் சம்பளத்துக்கு 2,500 டாலர் என்ற உச்சவரம்பை விதித்தார்கள். வகுப்பை நிர்ணயிப்பதில் களத்துக்கு வெளியே அவர்களுடைய நடத்தையும் கணக்கில் வரும். செய்தி அறிந்த வார்டு, சுற்றுப்பயணம் முடியும்வரை காத்திராமல் முன்னதாகவே ஊர் திரும்பினார்.

1890இல் சங்கம் தனக்கென ஒரு லீக்கையே தொடங்கியது. ஆட்டக்காரர்கள் நிர்வாகத்திலும் இலாபத்திலும் பங்கு பெறும் பிளேயர்ஸ் லீக் அது. பெரிய பெயர்களில் பெரும்பாலானவை அங்கே போய்விட்டன. எதிர்த்துப் போரிட நேஷனல் லீக் அமைத்த குழுவுக்குத் தலைவர் ஸ்பால்டிங். அவர் மைக் கெல்லியை வரவழைத்து மேசையின் மேல் 10,000 டாலர் காசோலையை வைத்தார்; சம்பளத் தொகை நிரப்பப்படாத மூன்றாண்டு ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்து, வேண்டிய எண்ணை எழுதிக்கொள்ளச் சொன்னார். மூன்றாண்டுகளுக்கு முன் கெல்லியை விற்ற அதே தொகை. அன்று அது முதலாளியின் பைக்குப் போனது, இன்று கெல்லிக்கே கிடைக்கும். கெல்லி யோசிக்க அவகாசம் கேட்டு வெளியே நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். சக ஆட்டக்காரப் பையன்களுக்குத் துரோகம் செய்ய முடியாது என்று மறுத்தார். மறுத்துவிட்டு, ஒரு 500 டாலர் கடன் கிடைக்குமா என்று கேட்டார். ஸ்பால்டிங் கொடுத்தார். இதையும் தம் நூலில் பதிவு செய்தவர் ஸ்பால்டிங்தான். தாம் தோற்ற ஒரு காட்சியை, கெல்லியின் மேல் குறையாத மதிப்போடு எழுதிவைத்திருக்கிறார் என்பதால் அவர் மேல் எனக்கும் மதிப்பு முழுதாக வற்றிப்போகவில்லை.

ஒரே நகரத்தில் ஒரே நாளில் இரண்டு லீக்குகளும் ஆடியதால் இருபுறமும் மைதானங்கள் காலியாகக் கிடந்தன. இருபுறமும் பொய்க் கணக்கு சொன்னார்கள். ஒருநாள் சிகாகோவில் கூட்டம் எவ்வளவு என்று கேட்ட நிருபரிடம் அணியின் செயலர் இருபத்துநான்கு, பதினெட்டு என்றார். நிருபர் போனபின் ஸ்பால்டிங் இது எப்படி நியாயம் என்று கேட்க, ஒரு பக்கம் 24 பேரும் மறுபக்கம் 18 பேரும் இருக்கிறார்களே, நிருபர் அதை 2,418 என்று எழுதிக்கொண்டால் அது அவர் மனசாட்சியைப் பொறுத்தது என்று விளக்கம் வந்தது. அந்த நிலையில்தான், பருவத்தின் முடிவில் பிளேயர்ஸ் லீக்குக்குப் பணம் போட்டவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். தம் தரப்பும் மூழ்கிக்கொண்டிருந்ததை முகத்தில் காட்டாமல், நிபந்தனையற்ற சரணாகதியைத் தவிர வேறெதற்கும் இசையமாட்டேன் என்றார் ஸ்பால்டிங். அவர்கள் இணங்கினார்கள். லீக் ஒரே ஆண்டில் முடிந்தது. ஆட்டக்காரர்களை அணியோடு கட்டிப்போட்ட அந்த ஒதுக்கீட்டு விதியின் பிடி தளர 1970கள் வரை ஆனது.

மளிகை நிறுவன எழுத்தர் என்ற பொய்யோடு சம்பளம் வாங்க நேர்ந்த அந்தப் பையன் கேட்ட கேள்வியைத்தான் வார்டும் கேட்டார். ஆட்டத்தைக் காப்பாற்றியது முதலாளிகளின் கட்டுப்பாடுதான் என்று ஸ்பால்டிங் கடைசிவரை உண்மையாகவே நம்பினார் என்று நினைக்கிறேன். சூதாட்டமும் கலைந்துபோகும் அணிகளும் நிறைந்த 1870களைக் கண்ணால் கண்டவர் அப்படி நம்பியதில் காரணம் இல்லாமல் இல்லை. ஆனாலும், தமக்கு ஏணியாக இருந்ததைப் பிறருக்குச் சுவராக மாற்றியவர் அவர்.

1891இல் அணித் தலைமையை விட்டபின் நிறுவனம் மேலும் விரிந்தது. போட்டி நிறுவனங்களை ஒவ்வொன்றாக வாங்கினார். அவற்றுள் ஒன்று, அவரைப் போலவே தொடக்ககாலத் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்து வணிகரான ஆல் ரீச் நடத்தியது. பின்னாளில் எழுந்த மற்றொரு பெரிய லீக்கான அமெரிக்கன் லீக் பயன்படுத்திய பந்தில் ரீச்சின் பெயர் இருந்தாலும் உரிமை ஸ்பால்டிங்கிடம்தான் இருந்தது. மிதிவண்டி, கோல்ஃப், கூடைப்பந்து என்று கடையின் அலமாரிகள் நீண்டன.

முதல் மனைவி இறந்தபின் மறுமணம் செய்துகொண்டு, கலிபோர்னியாவில் பாயிண்ட் லோமா என்னுமிடத்தில் இருந்த பிரம்மஞான சபையினரின் குடியிருப்பில் குடியேறினார். அடையாற்றில் தலைமையகம் கொண்ட சபையிலிருந்து பிரிந்துபோன கிளை அது. அங்கிருந்தபடிதான், பேஸ்பால் ஆங்கிலேயரின் ரவுண்டர்ஸ் ஆட்டத்திலிருந்து வந்தது என்ற பேஸ்பால் எழுத்தாளர் ஹென்றி சாட்விக்கின் கருத்தை மறுக்க ஒரு குழு அமையத் தூண்டுகோலாக இருந்தார். 1839இல் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் ஆப்னர் டபுள்டே என்பவர் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று, ஒரு முதியவரின் கடிதத்தை நம்பி அந்தக் குழு 1907 இறுதியில் முடிவு சொன்னது. டபுள்டே அந்த ஆண்டில் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் மாணவர். தாம் பேஸ்பாலைக் கண்டுபிடித்ததாக வாழ்நாளில் ஒருமுறையும் சொன்னவரில்லை. அவரும் அமெரிக்காவில் பிரம்மஞான சபைக்குத் தற்காலிகத் தலைவராக இருந்தவர் என்பது என்னைப் பலமுறை யோசிக்க வைத்திருக்கிறது. வரலாற்று ஆய்வாளர்கள் அந்த முடிவை எப்போதோ தள்ளிவிட்டார்கள். மக்கள் மனத்திலிருந்து அது எளிதில் போகவில்லை.

ஸ்பால்டிங் 1915 செப்டம்பர் 9 அன்று பாயிண்ட் லோமாவில் இறந்தார். அவருடைய பெயர் பொறித்த பந்து நேஷனல் லீக்கில் 1976 வரை ஆடப்பட்டது. டபுள்டே கதையை நம்பி, பேஸ்பாலின் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் புகழ் மன்றத்தைக் கூப்பர்ஸ்டவுனிலேயே கட்டினார்கள். அது திறக்கப்பட்ட 1939ஆம் ஆண்டிலேயே ஸ்பால்டிங் அதில் சேர்க்கப்பட்டார். மைக் கெல்லி 1945இல் அங்கே வந்து சேர்ந்தார். வார்டு 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.